அரைத் திருகு

மூன்றாவது ஜெட்டி தாண்டியதும் நிற்கும்.
ஒவ்வொரு ஞாயிறும் அதே இடம்,
மீன்கிட்டங்கியின் நீலத் தகரம் தெரிகிற வளைவு.
முதலில் ஒரு தும்மல், பிறகு இன்னொன்று,
பிறகு பெர்ணாம் ஆறு பேசுவது கேட்கும்.

நாற்பது குதிரை. ரோஸ்லானின் தகப்பன் வாங்கியது.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு
இருதயநாதனும் நானும் பாதிப்பாதி போட்டோம்.
விற்கும்போது ரோஸ்லான் சிரித்த சிரிப்பு
இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது.

"கார்ப்பரேட்டர்" என்றான் இவன்.
"காயில்" என்றேன் நான்.
சூடேறினால் சாகும், ஆறினால் பிழைக்கும்,
கால்மணி கழித்து மறுபடி எடுக்கிறதே, பார்.
ஊத்தான் மெலிந்தாங் ஆலையில் எடைமேடைக் கிராணி நான்;
லோரி ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது ஒரு எண்,
கழித்தால் பழம். என் படிப்பு அவ்வளவுதான்.
அவன் பாய்லர்க்காரன்,
கழற்றிப் பார்க்காததை நம்ப மாட்டான்.

கழற்றினோம்.
பிளக்கை உருவி எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்து
கயிற்றை இழுத்தால் பொறி,
குறை சொல்ல முடியாத நீலம்.
பிளக் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தால்
விரலைத் தள்ளி எறிந்தது.
பெட்ரோலைப் போத்தலில் பிடித்து வெயிலில் வைத்தோம்,
அடியில் தண்ணீர் தங்கவில்லை.
இருந்தும் வாங்கினோம் புதுக் காயில், நூற்றெண்பது.
இருந்தும் வாங்கினோம் கார்ப்பரேட்டர் கிட், தொண்ணூற்றைந்து.
இரும்புக்கடைத் தவ்கே
"போட்டு ஓடுதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு. மூன்றாவது ஜெட்டி. தும்மல்.

வற்றுநீர் எங்களைக் கடல் பக்கம் இழுத்தது.
நீப்பா ஓலைக்குள் எதுவோ சேற்றில் சறுக்கி இறங்கியது;
முதலை என்று இருவரும் நினைத்தோம், இருவரும் சொல்லவில்லை.
காயிலில் அவன் பங்கு தொண்ணூறு இன்னும் வரவில்லை,
அதையும் நான் சொல்லவில்லை.
துடுப்பெடுக்கக் குனிந்தபோது
எண்ணெய்க் குழாயின் நடுவிலிருக்கும் ரப்பர் உருண்டை
காலில் பட்டது.
சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி
ஒட்டிக் கிடந்தது.

அமுக்கினேன். மீளவில்லை.
"இங்க பாரு."
பார்த்தான். ஒன்றும் பேசாமல்
தகர டாங்கியின் மூடியைத் திருகினான்.
உஸ்ஸென்று ஒரு மூச்சு உள்ளே போக
ஒட்டியிருந்த டாங்கியின் வயிறு
டொக்கென்று வெளியே வந்தது.

ஐந்து ஞாயிறாக அது கேட்டது
காற்று.

மூடியைப் புரட்டினால்,
காற்றோட்டை இருக்க வேண்டிய இடத்தில்
களிமண் குமிழ் ஒன்று, சுண்டுவிரல் நகமளவு,
வழித்து மெழுகியது.
குளவி.

ஸ்குரூடிரைவரை நீட்டினேன்.
வாங்கவில்லை.
மழை இரண்டு மாதமும் டாங்கி
அவன் வீட்டுப் பின்பக்கம், துணி மெஷினுக்கு அருகே கிடந்தது.
"செலஸ்தீனா பார்த்திருக்கா" என்றான்.
"அந்தப் பக்கம் ஒண்ணையும் தொடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னா.
நான் சோப்புத்தூளச் சொல்றான்னு நெனச்சேன்."

வீட்டில் குளவி கூடு கட்டினால் கலைக்கக் கூடாது என்பார்கள்.
ஏன் என்பது எனக்கும் தெரியும்.
அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் என்பதும்.
ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போன செவ்வாய்க்கிழமைகளில்
அவனுக்காக மண்டோரிடம் பொய் சொன்னவன் நான்.

இத்தனை பெட்ரோல் ஆவியில்
உள்ளே இருக்கிற புழு பிழைத்திருக்காது.
சொல்ல வாயெடுத்து,
ரப்பர் உருண்டையை அமுக்கினேன்.
நிரம்பிக் கெட்டியானது.

மூடியை அப்படியே வைத்துத் திருகி
முழுக்க இறுக்காமல்
அரைத் திருகு தளர்த்திவிட்டான்.
"இது போதும்ல?"
"போதும்."
கொஞ்சம் வாடை வரும்.
அலை அடித்தால் கொஞ்சம் சிந்தும்.
சிகரெட்டைப் பற்றவைக்கப் போனவன்
அதைக் காதில் சொருகிக்கொண்டான்.

இரண்டாவது இழுப்பில் எடுத்தது.
நீலத் தகரம் பின்னால் போனது.
இந்த எஞ்சினோடு நாங்கள் பார்த்திராத வளைவு;
பார்க்க அங்கே ஒன்றுமில்லை,
இன்னும் செம்பனை, இன்னொரு ஆலையின் புகை.
தொண்ணூறு வெள்ளியை எப்போது கேட்பது என்று
யோசித்துக்கொண்டே வந்தேன்.