முப்பத்தொன்றாவது கேள்வி

புளியரைச் சாவடியில் இரவு ஒன்பதுக்கு மேல்
மலையேறும் லாரிகள் வரிசை கட்டும்.
டீக்கடையில் கடைசிக் கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ரத்த அழுத்தக் கருவியோடு ரோட்டில் இறங்குவேன்.
"அண்ணே, கையைக் குடுங்க. பரீட்சைக்குப் படிக்கேன்."

சிமெண்டு லாரிக்காரருக்கு நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு.
முட்டை வண்டிக் கிளீனருக்கு நூற்றுப் பத்துக்கு எழுபது.
வைக்கோல் பாரத்துக்காரர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டே
"எம்புட்டு நாள் இருப்பேன்னு சொல்லுமா" என்றார்.
அதற்கு இதில் முள் கிடையாது.

எழுத்துத் தேர்வு தென்காசியில், வருகிற இருபத்து மூன்று.
செய்முறை மறுநாள்.
பயிற்சி நிலையத்தில் எங்கள் பதினேழு பேருக்கும் ஒரே பொம்மை.
ஸ்பிரிட் மணக்கும் அதன் உதட்டுக்கு
மாப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறாள் அமலோற்பவம்.
ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் நெஞ்சு டிக் என்கிறது.
முப்பது அழுத்து, இரண்டு மூச்சு.
நிஜ நெஞ்சில் விலா முறிகிற சத்தம் கேட்டாலும்
நிறுத்தாதே என்கிறார் சார்,
வாட்ச்சைப் பார்த்தபடி.

எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
செய்துவிட்டுச் சும்மா இருந்தால் மதிப்பெண் இல்லை.
கையுறை போட்டுவிட்டேன்.
இடம் பாதுகாப்பாக இருக்கிறது.
நோயாளி ஒருவர்.
வீட்டில் அந்த ஒருவர் செல்லக்கனி.
மூட்டை இறக்கிய அலுப்பில், நான் வாய் பார்த்து
மூச்சுப் பார்ப்பதற்குள் குறட்டை.
சுவாசப் பாதை திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்
சுவருக்கு.

மாதிரித் தாளில் முப்பத்தொன்றாவது கேள்வி:
கழுத்தில் அடிபட்டவரைக் கருவியின்றி உடனே நகர்த்தலாம்,
எப்போது?
(அ) வலியில் கத்தினால்
(ஆ) கூட்டம் சேர்ந்தால்
(இ) தீ, வெள்ளம், இடிபாடு இருந்தால்
(ஈ) உறவினர் கேட்டால்.

விளாத்திகுளத்துக் கரிசலிலிருந்து வாக்கப்பட்டு வந்து
எனக்கு அது மூன்றாவது மாதம்.
எஸ் வளைவில் தக்காளி ஏற்றிய வண்டி கவிழ்ந்தது.
டிரைவர் பாதி உள்ளே, பாதி வெளியே.
வெள்ளம், வெள்ளம் என்றார்.
நான் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
மாசி மாதம், கல்தான் கிடந்தது.
இருந்தாலும், மலையை எனக்கென்ன தெரியும்,
மேலே எங்கோ உடைத்துக்கொண்டு வருகிறதாக்கும் என்று
இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து
இழுத்தேன்.
தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.
நல்ல காரியம் செஞ்சே தாயி என்றார்கள்.

மலையாளத்தில் அது தண்ணீர் என்று
மறுநாள் பால்காரர் சொன்னார்.

புத்தகம் சொல்கிறது,
அடிபட்டவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது.
கொடுக்கவில்லை.
பாஷை தெரியாததால் செய்த ஒரே சரி.
கால் விரலை அசைக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது.
பார்க்கவில்லை. பார்க்கணும் என்று தெரியாது.
ஏதோ ஒரு ஜீப்பில் புனலூருக்குக் கொண்டு போனார்கள்.
அதற்கப்புறம்,
தக்காளியை மட்டும் நாலு நாள் ஊரே சமைத்தது.
நான் ரசம்கூட வைக்கவில்லை.

இ என்று வட்டம் போட்டேன்.
ஒரு மதிப்பெண்.

நேற்று கொல்லம் வண்டிக்காரர் ஒருவர்,
தாமஸ்குட்டியாம்,
நூற்றிருபதுக்கு எண்பது, நல்ல மனுஷன்.
பட்டையைக் கழற்றாமலே கேட்டேன்,
உங்க பாஷையில் அசையாதீங்கன்னு எப்படிச் சொல்றது?
"அனங்கருது."
இன்னொரு தடவை.
"அனங்கருது. எதுக்கு சேச்சி?"
முப்பத்தொன்றுக்குப் பக்கத்து ஓரத்தில்
தமிழில் எழுதிக்கொண்டேன்.
தண்ணிக்கு வெள்ளம், அதையும்.
பாடத்திட்டத்தில் இல்லை, கேட்க மாட்டார்கள்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
கையை என்னிடமே விட்டுவிட்டு,
வரிசை நகர்கிறதா என்று
அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்,
இந்தப் பக்கம் ஒருமுறை,
அந்தப் பக்கம் ஒருமுறை.