நான்கு பந்து மிச்சம்

மாளிகைக்காட்டுக் கடற்கரையில்
பதினோராவது ஓவர், இரண்டாவது பந்து.
நோ-போலா இல்லையா என்று சண்டை.
மைக்கில் நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.
ஓட்டத்தை முடிக்காமல்
ஜிப்ரி மணலில் குப்புற விழுந்தான்.
"நடிக்கிறான் பாருங்க"
அதையும் நான்தான் சொன்னேன்,
இரண்டு ஸ்பீக்கரிலும்.

கரைவலையில் வந்த பாரைபோல
வாய் திறந்து திறந்து மூடியது.
மூச்சு இருக்கு என்றார்கள். சோடா உடைத்தார்கள்.
ஒருவன் சாவிக்கொத்தை
அவன் உள்ளங்கையில் திணித்தான்.

"அது மூச்சில்ல, தள்ளுங்க!"
சற்றுமுன் அவனோடு மல்லுக்கு நின்ற
காரைதீவுத் தவநேசன்
முழங்காலில் விழுந்து
நெஞ்சு நடுவே கைமேல் கை வைத்தான்.
கட்டாரில் பழகினதாம்.
"எண்ணு மச்சான், மைக்கிலயே எண்ணு!"

ஒன்று. இரண்டு. மூன்று.
சிக்ஸருக்குக் கத்திய தொண்டை.
விலா முறிந்த சத்தம்
எனக்கும் கேட்டது. நிறுத்தவில்லை.
அவன் கை களைக்க இன்னொருவன் மாறினான்.
எனக்கு மாற ஆளில்லை.

எண்ணிக்கை நடுவே யாரோ
அம்புலன்ஸ் இலக்கம் கேட்டான்:
ஒன்று ஒன்பது ஒன்பது பூச்சியம்.
வயலுக்குப் போன என் வாப்பா
திரும்பி வராத வருஷம்.
அதை அழுத்தினால்
இப்போது வண்டி வருகிறது.

வந்தது.
பெட்டி திறந்து, எல்லாரும் விலகுங்க என்றார்கள்.
ஒருதரம் துள்ளியது உடம்பு.
கதவு சாத்தும்போது
விரல் அசைந்ததென்று சிலர்,
காற்று என்று சிலர்.
தவநேசன் செருப்பில்லாமல் ஏறிக்கொண்டான்.

இஷாவுக்குப் பிறகு அவனுடைய கோல்.
"மூச்சு இருக்கு."
நான் பேசவில்லை.
"இது மூச்சுதான் மச்சான்" என்றான்,
கேட்காமலே.