காரணம் என்ற கட்டத்தில்

வெர்மான்ட்டின் வடகோடியில்
ஆயிரத்து நூற்று நாற்பது பேர் குளித்ததும் கழுவியதும்
கடைசியாக வந்து சேரும் இடத்தில்
டெல்ஃபின் ஓவெலெட் காலை ஐந்தேமுக்காலுக்கு
விளக்கைப் போடுகிறாள்.

முதலில் மூக்கு. அப்புறம்தான் மீட்டர்.
நல்ல நாளில் தொட்டி
மழை நனைத்த தோட்டத்து மண்போல் மணக்கும்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஊரை அவள் நீரால் அறிவாள்.
பள்ளிக்கு விடுமுறை விட்டது தெரியும்.
பனி உருகும் வாரத்தில், நிலவறையில் தேங்குவதை
யார் யார் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் இறைக்கிறார்கள் என்பதும் தெரியும்.
அதில் ஒருவர் நகர்மன்ற உறுப்பினர்.
புதிய காற்றூதிக்குப் பணம் கேட்டபோது
"இன்னும் ஓடுகிறதல்லவா?" என்றவர் அவர்தான்.
பதினேழு வாக்கில் தோற்றது.

ஓடுகிறது, நாற்பத்தொரு வருடமாக,
இருமிக்கொண்டு.

மார்ச் ஒன்பதாம் தேதி மண்வாசம் இல்லை.
புளித்த வாடை.
உள்ளே வரும் வாய்க்கால் வெள்ளை வெளேரென்று.
சோப்பென்று நினைத்து விரலால் தொட்டாள்,
வழவழப்பு வேறு.
ஆக்சிஜன் முள் இறங்கி இறங்கிப்
பூஜ்யத்தின் மேல் படுத்துக்கொண்டது.

கடப்பாரையும் டார்ச்சுமாக
மூடி மூடியாகத் திறந்துகொண்டு மேட்டுக்கு ஏறினாள்.
மில் தெரு, வெள்ளை.
தேவாலயத்துக்குப் பின்னால், வெள்ளை.
குழாய் பிரியும் இடத்தில்
இடப்பக்கம் வழக்கமான கலங்கல்,
வலப்பக்கம் வெள்ளை.
வலப்பக்கத்துக் கடைசி மூடிக்கு அப்பால்
ஒரே ஒரு தொழுவம்.

லுசியன் பரோ பால் அறை வாசலில்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.
இனி லாரி வராது என்று கடிதம் வந்து மூன்று நாள்.
மாடுகளுக்குக் கடிதம் படிக்கத் தெரியாது,
கறந்தாக வேண்டும்.
"ஓடையில விட மனசு வரல" என்றான்.
"டிரவுட் குஞ்சு பொரிக்கிற நேரம்.
உன்கிட்ட வந்தா நீ பாத்துக்குவேன்னு..."

அந்த ஒரு தொட்டிப் பால்
ஊரின் ஐந்து நாள் கழிவுக்குச் சமம் என்பதை
அவள் சொல்லவில்லை.
"நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.
"நாளைக்கும் கறக்கணும்."
சாணக்குழியைக் கைகாட்டினாள்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு தலையாட்டினான்.

அன்னப்பறவைக் கதை டெல்ஃபினுக்குத் தெரியாது.
நீரிலிருந்து பாலைப் பிரிக்க அவளிடம் இருப்பவை
நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற
காம்பு முளைத்த மணிகள்,
அவற்றுக்கு மூச்சுக் கொடுக்க இரண்டு காற்றூதிகள்,
அதிலும் ஒன்று பழுது.
மூன்றாவதைப் பக்கத்து ஊரில் இரவல் வாங்கி
டிராக்டரில் கொண்டு வந்தாள்.
நான்கு இரவு அங்கேயே படுத்தாள்,
இரைச்சல் நின்றால் விழித்துக்கொள்ளலாமே என்று.

ஐந்தாம் நாள் கண்ணாடிச் சில்லில்
ஒரே ஒரு மணி. சுருங்கிற்று.
வெகுநேரம் கழித்து, விரிந்தது.

மாத அறிக்கையில்
வரம்பு மீறல்: ஆம். நாட்கள்: நான்கு.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பால், என்று எழுதினாள்.
யாருடையது என்று அந்தத் தாள் கேட்கவில்லை.

வெளியே, ஓடையில் குழாய் திறக்கும் இடத்தில்
குளிர்காலம் முழுக்க உறையாத ஒரு துண்டுத் தண்ணீர்.
அதில் வாத்துகள்.
போன வாரம் ஏழு. இப்போது எண்ணினால் ஐந்து.
நரியாக இருக்கலாம்.
வடக்கே போயிருக்கவும் கூடும்,
இந்தத் தண்ணீர் போகிற பக்கமாக,
எல்லை தாண்டி.
அவள் மறுபடி எண்ணினாள்.