அறுபது சதவீதம்

மட்டாவுரா ஆற்றோரம் எங்கள் மைதானம்.
காலையில் ஆடுகளை வேலிக்கு அப்பால் விரட்டி
புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டால்
பத்தரைக்கு ஆட்டம்.

அந்தச் சனிக்கிழமை
எதிரணியில் ஓர் ஆள் குறைந்தது.
அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்த
பிராடி ஸ்ட்ராகன்
சாம்பல் நிறக் காரிலிருந்து இறங்கினான்.
நியூசிலாந்துக்கே பந்து வீசுகிறவன்.
முதுகெலும்பில் விரிசல் ஆறிவரும் காலம்;
ஆறு ஓவருக்கு மேல் கூடாது என்று
மருத்துவர் சொல்லியிருந்தாராம்.
ஆறே ஓவர்தானே என்று
நாங்களும் சொல்லிக்கொண்டோம்.

ஃபெர்கஸுக்கு ரொட்டிக்கடை.
ஹேமி கம்பளி கத்தரிப்பவன்.
நான் பால் டேங்கர் ஓட்டுகிறேன்,
சனிக்கிழமைகளில் நான்காவதாக இறங்குகிறேன்.
போன பருவத்தில் ஓர் அரைசதம்.
கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

சோபாவில் உட்கார்ந்தபடி
பிராடியின் பந்தை எத்தனையோ முறை ஆடியவன் நான்.
அவுட் ஆகிப் போகும் பெரிய பெரிய ஆட்டக்காரர்களை
"அதை விட்டிருக்கலாமே, முட்டாள்" என்று
வாயில் சிப்ஸோடு திட்டியவன்.

தொலைக்காட்சி சொல்லாமல் விட்டது
சத்தத்தை.
ஓடிவருகிறவனின் கால் அதிர்வு
தரை வழியாக வந்து
நம் முழங்காலில் ஏறுவதை.
காதோரம் பந்து கடக்கையில்
நீளத் துணியொன்று கிழிபடுவதை.

ஃபெர்கஸ் மட்டையைத் தூக்கினான்.
அது இறங்கி முடிப்பதற்குள்
ஸ்டம்ப் ஒன்று புரண்டு புரண்டு
கீப்பரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
அடுப்பில் எதுவோ கருகும் வாசம் வந்தவன்போல
விறுவிறுவென்று திரும்பி நடந்தான்.

மூன்று ரன், இரண்டு விக்கெட்.
நான் போய் நின்று
நடு ஸ்டம்புக்கு நேர் கேட்டேன்.
எங்கே நின்றால் என்ன, என்றது
நடுவர் மவ்ரீனின் முகம்.
ஆனாலும் பள்ளிக்கூடத்து டீச்சர்,
அரை அங்குலம் பிசகாமல் காட்டினாள்.

முதல் பந்தை நான் பார்க்கவில்லை.
இரண்டாவதையும்.
மூன்றாவதைத் தொடையில் பார்த்தேன்.

பிராடி ஓடிவந்தான்.
"ஒன்றும் ஆகலியே?"
நிஜமான அக்கறை.
பிறகு ஓட்டத்தைப் பாதியாக்கி
கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டான்,
சூடு ஆறவைத்துக் கொடுப்பதுபோல.
அப்படி வந்த ஒன்று
என் மட்டை விளிம்பில் பட்டு
ஸ்லிப்புக்கு மேலே பறந்து
நான்கு ரன்.
கண் மூடியிருந்தது
எனக்கும் இமைக்கும் மட்டுமே தெரியும்.
எங்கள் பக்கத்துக் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன.
அவனும் கைதட்டினான்.
தொடையைவிட
அந்தக் கைதட்டல் வலித்தது.

"முழுசாகப் போடு!" என்று கத்தினேன்.
தெற்குக் காற்று தின்றதோ,
கேட்டும் கேளாதவனாக இருந்தானோ,
அடுத்ததும் மெதுவாகவே வந்தது.
அந்த மெதுவையும் தவறவிட்டு
பெயில்ஸ் விழும் சத்தம் கேட்டேன்.

சாயங்காலம் கிளப் அறையில் சாசேஜ், பீர்.
யாரோ கேட்டார்கள்:
முதல் ஓவர்களில் எவ்வளவு வேகம்?
"முதுகு இருக்கே" என்றான்,
"அறுபது சதவீதம் இருக்கும்."
சாஸ் பாட்டிலை எங்கள் பக்கம் நகர்த்தினான்.
கொஞ்ச நேரம் யாருமே மெல்லவில்லை.
"மீதி நாற்பதுக்கு நாங்கள் அவுட்டே ஆகலை,
ஸ்கோர் புத்தகத்தில் எழுதுங்கப்பா"
என்றான் ஹேமி.
கூரை அதிரச் சிரித்தோம்.
நானும் சிரித்தேன்,
தொடையைத் தடவிக்கொண்டு.

பந்தின் தையல் அப்படியே பதிந்திருந்தது.
நூல் நூலாக எண்ணலாம்.
விடிகாலைப் பால் எடுக்கப் போகும் பண்ணைகளில்
கேட்டவர்க்கெல்லாம் கால்சட்டையை இறக்கிக் காட்டினேன்.
ஊதா, பச்சை, மஞ்சள்.
பன்னிரண்டாம் நாள் வெறும் தொடை.
என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை.

ஜனவரியில் அவன் மறுபடி டிவியில்,
நூறு சதவீதமாக.
மூன்று ஓவர் நான் வாயே திறக்கவில்லை.
நான்காவதில் ஒரு விளிம்பு, ஸ்லிப்பில் பிடி.
"அதை விட்டிருக்கலாமே" என்றேன்.
முட்டாள் என்பதை
நான் விட்டுவிட்டேன்.