ஒரு மணி, இரண்டு தடவை

"காலத்தோடு நகருங்கள்" என்று
சாப்பாட்டு அறையில் ஒட்டியிருந்தார்கள்.
வரவு அட்டை மெஷினைக் கழற்றிப் போன இடத்தில்
நான்கு ஆணித்துளை.

நகர்ந்தேன்.
போனில் செயலி இறக்கினேன்.
மாவுக் கைக்குத் திறக்காது;
கழுவித் துடைத்துவிட்டுத் தொட்டேன்.

கொவென்றியில் அடுப்பு உறங்குவதில்லை.
ஒக்டோபர் கடைசி ஞாயிறு,
இரவு ஒன்று ஐம்பத்தொன்பது.
நானூறு பாண் அடுக்கி நிமிர்ந்தால்
மறுபடி ஒரு மணி.
அதற்குள் இன்னுமொரு நானூறு.

சம்பளத்தில் அந்த மணித்தியாலத்தைக் காணோம்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
ஓர் ஆள் ஒருமுறைதான் இருக்கலாமாம்,
செயலி சொல்கிறது.

கரெத் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"சிஸ்டம் அப்படி, தவமலர்."

சொன்னபடி நகர்ந்தவள் நான்.
திரும்பிப் போனது காலம்.
அதைப் பிடித்துக் கேள்
என் பன்னிரண்டு பவுண்டு இருபத்தொரு பென்ஸை.

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.
இழுப்பறையைக் கிளறி
பழைய வரவு அட்டை ஒன்றைத் தூசு தட்டி எடுத்தான்.
பேனா எழுதவில்லை; என்னுடையதைக் கொடுத்தேன்.
ஒன்று முதல் இரண்டு வரை, என்று எழுதினான்.
கொஞ்சம் யோசித்து
அதன் கீழேயே
ஒன்று முதல் இரண்டு வரை.