கடலுக்குத் தனி வாடகை

தண்ணீர்ப் பில்தான் காட்டிக்கொடுத்தது.
ஒற்றை ஆள். வெல்டர்.
பாதி மாதம் வடக்கே சுரங்கத்தில் கிடப்பவன்.
முப்பத்தொரு கன மீட்டர்
எப்படிக் குளித்தான்?

மரிபோசாஸ் குன்றில் அந்த வீட்டுக்கு
நூற்றுப் பதினெட்டுப் படி.
என் முழங்கால் ஒவ்வொன்றையும் சொல்லிக் காட்டிற்று.
பையில் ஒப்பந்தம், நான்காக மடித்து.
எட்டாம் ஷரத்தின் கீழே சிவப்புக் கோடு:
எழுத்து மூலமான அனுமதியின்றி
முழுவதையோ ஒரு பகுதியையோ
பிறருக்கு உள்வாடகைக்கு விடலாகாது.
அதன் அடியில் நிபால்தோவின் கையெழுத்து,
அவன் வைத்த பற்றவைப்பு போலவே
கோணலாக, ஆனால் உறுதியாக.

தட்டினேன்.
சாவி கையில் இருந்தும் தட்டினேன்.
ஏனென்று இன்னும் தெரியவில்லை.

ஈரத்தலையில் துண்டோடு ஒருத்தி திறந்து
"யாரு வேணும்?" என்றாள்.

முப்பது வருடம் மினிபஸ் ஓட்டி
ஸ்டீயரிங் மேலேயே மதியச் சாப்பாட்டைப் பிரித்துத் தின்று
வாங்கிய வீட்டின் வாசலில்
எனக்கு
யார் வேண்டும்?

"எவாரிஸ்தோ. வீட்டுக்காரன்."
"வீட்டுக்காரர் நிபால்தோ ஆச்சே" என்றாள்,
யாரோ என்னை நன்றாக ஏமாற்றிவிட்டதைப் போல
சற்றுப் பரிதாபமாகப் பார்த்து.

அவள் யுஸ்மாரி. மரகாய்போவிலிருந்து வந்தவள்.
ராத்திரி முதியோர் இல்லத்தில் வேலை.
பின்னறையில் ஹைத்தியிலிருந்து அண்ணனும் தம்பியும்;
ஒருவன் எழுந்த சூட்டில் அடுத்தவன் படுக்கும்
ஒரே கட்டில்.
கூடத்தில், திரைச்சீலைக்கு அப்பால்,
ஒரு கல்லூரிப் பையனும் ஒரு ட்ரோம்போனும்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள்.
இவன் பிடுங்கக்கூட இல்லை.
மடத்தைக் கூறு போட்டு
சில்லறைக்கு விற்றிருக்கிறான்.

கேட்காமலே நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.
எனக்கு அவன் தருவது மூன்று லட்சம் பெசோ.
இவர்கள் அவனுக்குத் தருவது ஐந்தரை.
கட்டில், அடுப்பு, வெந்நீர்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு தொகை.
யுஸ்மாரி பெயருக்கு நேரே மட்டும் கடைசியாக ஒன்று:
கடல், இருபதாயிரம்.

"கடலா?"

"என் ஜன்னல்ல தெரியுதே. பின்னறையில தெரியாது.
அவங்க தர வேண்டாம்."
நியாயம்தானே என்பது போலச் சொன்னாள்.

போய்ப் பார்த்தேன்.
இரண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே
கைக்குட்டை அளவு நீலம்.
அதில் சரக்குக் கப்பல் ஒன்று,
பாதி.
பன்னிரண்டு வருடம் இதே அறையில் தூங்கியிருக்கிறேன்.
விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் வந்து.
திரையை விலக்கியதாக நினைவே இல்லை.

அயோக்கியன்.
என் சுவர், என் கூரை, என் குழாய்,
அதற்கெல்லாம் வக்கீல் இருக்கிறார்.
இதை எந்த ஷரத்தில் சேர்ப்பது?

போன் போட்டேன்.
"தோன் எவாரிஸ்தோ, விளக்கிச் சொல்றேன்" என்றான்.
"எதை? கடலையா?"
மறுமுனையில் பாலைக் காற்று மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு, "அம்மா ஆஸ்பத்திரியில."
இருக்கலாம்.
போன மார்ச் வாடகைக்கு
அவளை ஒருமுறை புதைத்தும் இருக்கிறான்.

முப்பது நாள் நோட்டீஸ்.
சமையல் மேஜையிலேயே எழுதினேன்.
அவன் பெயரை எழுதுகையில் கை நடுங்கவில்லை.
சொட்டுச் சொட்டென்று மூன்று வருடம்
நான் பழுது பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த குழாய்
சத்தமில்லாமல் இருப்பதை
அப்போதுதான் கவனித்தேன்.
யார் சரிசெய்தது என்று கேட்கவில்லை.

"அப்போ நாங்க?" என்றாள் யுஸ்மாரி.
"அடுத்த மாசம் காசு யாருகிட்ட?"

"என்னிடம்" என்றது என் வாய்,
வக்கீலைக் கேட்பதற்கு முன்பே.

நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.
கட்டிலை அடித்தேன். அடுப்பை அடித்தேன்.
வெந்நீரைப் பாதியாக்கினேன்.
கடல் வந்ததும் பேனா நின்றது.
உண்மையைச் சொன்னால்,
உடனே அடிக்கவில்லை.
இருபதாயிரம் இருபதாயிரம்தானே.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
"ஊதுறதுக்கு மாசம் அஞ்சாயிரம் வாங்குறாரு.
நீங்களும் வாங்குவீங்களா?"