கடைமடைக் கணக்கு

ஓய்வு பெற்ற மறுமாதம்
வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில்
ஒரே வரியாக இருந்தது
என் முப்பத்தோரு வருடம்.
பூஜ்யங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது,
மேட்டூர் திறந்த சேதி மாதிரி.

நீடாமங்கலம் பாசன அலுவலகத்தில்
காலை ஆறு மணி நீர் அளவைப்
பேரேட்டில் ஏற்றியவள் நான்.
மூணாறு தலைப்பில்
வெண்ணாற்றுக்கு இத்தனை கன அடி,
கோரையாற்றுக்கு இத்தனை, பாமணிக்கு இத்தனை.
மை காய்வதற்குள்
முத்துப்பேட்டைப் பக்கமிருந்து போன் வரும்:
"இன்னும் இங்க எட்டிப் பாக்கலம்மா."

முதலில் வந்தவன் இளஞ்சேரன், என் மகன்.
திருச்சியில் அடுக்ககம்,
முன்பணம் மட்டும் போதுமாம்.
அடுத்து வந்தார் லஸ்கர் கலியபெருமாள்,
ஷட்டர் திருகித் திருகித் தோள் இறங்கியவர்.
கையில் ஏதோ நிதி நிறுவனத்தின் வழவழத் தாள்.
"லட்சத்துக்கு மாசம் மூவாயிரம், மேடம்."
வருடத்துக்கு முப்பத்தாறு வட்டி.
எந்த நெல்லும் அப்படி விளைந்து பார்த்ததில்லை.
"நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க?"
தாளை நாலாக மடித்தார்.
"பொண்ணு நகையையும் சேத்துத்தான்."
அதற்குப் பிறகு
இருவருமே காபியைத் தொடவில்லை.

வங்கியில் நான் கேட்டது வைப்பு நிதி.
அந்தப் பிள்ளை எடுத்து நீட்டியது காப்பீடு.
பத்து வருடம் கட்ட வேண்டுமாம்,
சம்பளம் நின்றுபோனவளிடம்
சிரித்துக்கொண்டே சொன்னது.

மன்னார்குடி ஆடிட்டர் சாரங்கராஜன்
மின்விசிறிக்குக் கீழே காகிதங்களை அமுக்கிக்கொண்டு சொன்னார்:
நெல்லுக்கு வருமான வரி கிடையாது,
வட்டிக்கு உண்டு.
பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து,
"பன்னெண்டு மா நிலம் இருக்குல்ல,
வட்டியையும் விளைச்சல்னு காட்டிட வேண்டியதுதானே?"

ஒரு வறட்சி வருடம்
அதிகாரி சொல்லி அரை அடி ஏற்றி எழுதியிருக்கிறேன்,
வராத தண்ணீரை வந்ததாக.
மறுநாள் ஒருவர் வந்து
கருகிய நாற்று ஒரு பிடியை
என் மேஜையில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போனார்.
பேரேட்டின் அந்தப் பக்கத்தில்
இன்னும் கொஞ்சம் மண் இருக்கும்.

"உள்ளதைப் போடுங்க, சார்" என்றேன்.
உள்ளதைப் போட்டதில்
கட்ட வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.
வங்கி முன்கூட்டியே பிடித்தது கூடத்
திரும்பி வருமாம்,
கேட்டால்.

இரவு, பழைய நாட்குறிப்பில் கோடு கிழித்தேன்.
அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பு:
மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி,
முறைப்பாசனம் மாதிரி.
ஆஸ்பத்திரிக்கு என்று கொஞ்சம், கை எட்டும் தூரத்தில்.
கொஞ்சத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் விட்டேன்.
ஏறும், இறங்கும், ஆறுதானே.
முப்பது வருட அளவைப் பார்த்தவளை
ஒரு நாள் அளவு மிரட்டாது
என்று எழுதிவிட்டு,
மிரட்டும், பரவாயில்லை என்று திருத்தினேன்.

அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தாள்.
எண்பத்தேழு வயது.
என் பெயர், என் கையெழுத்து,
கொஞ்சம் நடுங்கும்.
எல்லா மடையும் தாண்டி
உப்புக்காற்று அடிக்கும் கோடியில் உட்கார்ந்து
அலுவலகத்துக்கு போன் போடுகிறாள்.
தலைமடையில் இருப்பவர்கள்
வழியிலேயே எடுத்துக்கொள்வார்கள்,
பாசத்தோடுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இளஞ்சேரனைக் கூப்பிட்டேன்.
கேட்டதில் நாலில் ஒரு பங்கு, அதற்கு மேல் இல்லை.
நீண்ட நேரம் சத்தமில்லை.
பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்றான்.
கோபமா அக்கறையா,
குரலில் அளவுகோல் நட்டுப் பார்க்க முடியாது.

விடிந்ததும் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன்.
நிறுவனம் கொடுத்த ரசீதுகளை
ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து அடுக்கினோம்.
நகைக்கு ரசீது இல்லை.
தஞ்சாவூருக்கு முதல் பஸ் ஆறு நாற்பதுக்கு.